ஒரே கொலை, ஒருவர் மீது மட்டும் மனு: குடியுரிமைப் பறிப்புக் கோரிக்கை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோர ரப்பர் பகுதியில் நடந்தது இது. கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற ஒருவரின் இந்தியக் குடியுரிமையைப் பறிக்க வேண்டும் என்று 2022-ல் ஒரு மனு கொடுக்கப்பட்டது. அவருடைய குடும்பத்துக்காக அந்த மனுவுக்குப் பதில் சொன்ன சிறிய சட்ட உதவிக் குழுவில் நானும் ஒருவன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டு எழுதுகிறேன். இதேபோன்ற மனுவோடு வேறு யாராவது நாளை ஓர் அலுவலக வாசலில் நிற்க நேர்ந்தால் உதவும் என்பதுதான் நோக்கம்.

பின்னணி

கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு என்று மலையடிவாரம் நெடுக அரசு ரப்பர் தோட்டங்கள் உண்டு. வனத்துறை வளர்த்த அந்தத் தோட்டங்கள் 1984-ல் அரசு ரப்பர் கழகத்தின் கீழ் வந்தன. அங்கே பால்வெட்டுக்கு, அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கும் வேலைக்கு, அமர்த்தப்பட்டவர்களில் பலர் இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள். அரசுக் காகிதத்தில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. ஊர்ப்பேச்சில் ‘சிலோன்காரங்க’. வந்து அரை நூற்றாண்டு ஆகிறது, பேரன் பேத்திகள் நாஞ்சில் தமிழே பேசுகிறார்கள், அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. இத்தனைக்கும் இந்த மாவட்டமே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததுதான்.

அவர்கள் வந்த கதை தெரியாமல் இந்த வழக்கு புரியாது. சுதந்திரம் கிடைத்த கையோடு இலங்கை 1948-ல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த லட்சக்கணக்கான தமிழர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியது. அவர்கள் செய்த குற்றம் என்று எதுவும் இல்லை. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பாகப்பிரிவினையில் பாத்திரம் ஒதுக்குவதுபோல ஒதுக்கியது. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இந்தியாவின் பங்கில் விழுந்தவர்கள் கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் குடிமக்களாகப் பதிவு செய்து, இந்தியப் பாஸ்போர்ட் வாங்கி, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் குடும்ப அட்டை. அதன்பின் நீலகிரித் தேயிலை, குமரி ரப்பர் என்று ஆளுக்கொரு திசை.

நீதிமன்றக் காகிதத்தில் ‘எதிரி’ என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். இந்த வழக்கின் இரண்டாம் எதிரி, மனு யார் மீது வந்ததோ அவர், 1979-ல் அப்படி வந்தவர். வரும்போது வயது 3. அப்பாவின் பாஸ்போர்ட்டில் பிள்ளைகளுக்கான பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. பள்ளிப்படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தி, தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனார். மனைவி 1984-ல் இங்கேயே, தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர். ஒரு மகள், ஒரு மகன்.

முதல் எதிரியின் குடும்பம் அதே பகுதியில் எத்தனையோ தலைமுறையாக இருப்பது. இருவரும் நண்பர்கள். தோட்ட வேலை முடிந்த நேரத்தில் அருகில் இருந்த ஒரு தனியார் தோட்டத்தில் சேர்ந்து வெட்டப் போவார்கள்.

குற்றமும் தீர்ப்பும்

2018 மழைக்காலத்தின் கடைசியில் அந்தத் தனியார் தோட்டத்தின் உரிமையாளர் கொல்லப்பட்டார். வயதானவர். ரப்பர் ஷீட் திருட்டு அதிகமாக இருந்ததால், ஷீட் உலர்த்தும் புகைப்புரையை ஒட்டிய அறையில் இரவு படுப்பது அவர் வழக்கம். ஷீட்டையும், ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்த மிச்சப்பால்) விற்று வைத்திருந்த பணத்தையும் எடுக்கப் போன இருவரும் அவர் விழித்துக்கொண்டதும் அடித்துவிட்டார்கள். அடித்தது முதல் எதிரி, கூட நின்றது இரண்டாம் எதிரி என்பதுதான் அரசுத் தரப்பு சொன்னது. சட்டத்துக்கு இருவரும் ஒன்றே. 2021-ல் இருவருக்கும் அதே பிரிவுகளில் ஆயுள் தண்டனை கிடைத்தது. இருவரும் பாளையங்கோட்டை மத்திய சிறைக்குப் போனார்கள்.

தீர்ப்பைப் பற்றி இங்கே வேறெதுவும் சொல்லப்போவதில்லை. அது கொடூரமான குற்றம். தண்டனை தகும்.

மனு

2022-ல் ஒரு திங்கட்கிழமை, நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு கொடுக்கப்பட்டது. பகுதிப் பொதுமக்கள் என்ற பெயரில், பல பக்கங்களுக்குக் கையெழுத்தோடு. கோரிக்கைகள் நான்கு. இரண்டாம் எதிரியின் இந்தியக் குடியுரிமையை ரத்து செய்ய வேண்டும். அவரைச் சிலோனுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அவர் குடும்பத்தின் ரேஷன் அட்டையையும் வாக்காளர் பதிவையும் நீக்க வேண்டும். அந்தக் குடியிருப்பில் உள்ள எல்லாருடைய ஆவணங்களையும் சரிபார்க்க வேண்டும்.

அடுத்த சில வாரங்களில் அவர் மனைவி, தம்பி, அப்பா மூவரின் பெயரையும் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லிப் படிவம் 7 கொடுக்கப்பட்டது. காரணம் என்ற இடத்தில் ‘இந்தியக் குடிமகன் அல்லர்’ என்பதற்கு நேரே டிக் அடித்திருந்தது. இந்த மூவரில் யாரும் எந்தக் குற்றத்திலும் சம்பந்தப்பட்டவர்கள் இல்லை.

அவருடைய மனைவி எங்களிடம் வந்தது அந்தப் படிவத்தின் பேரில் வந்த நோட்டீஸைத் தூக்கிக்கொண்டுதான். ஆட்சியரிடம் போன மனுவைப் பற்றி அவருக்கு அப்போது தெரியவே தெரியாது.

நாங்கள் கவனித்தவை

மனுவின் நகலை வாங்கிப் படித்தபோது முதலில் கண்ணில் பட்டது அதில் இல்லாத ஒன்று. முதல் எதிரியின் பெயர் எங்குமே இல்லை. ‘இக்கொடூரக் கொலையைச் செய்த சிலோன் நாட்டவர்’ என்று ஒருமையில் ஓடுகிறது வாசகம். கொலை நடந்த விவரத்தை ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள், அதில் அடித்தவரே இல்லை.

இதை எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் பலரை எனக்குத் தெரியும். இரண்டாம் எதிரியின் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டவர்களும் அதில் இருந்தார்கள். முதல் எதிரியின் பெயரைச் சேர்க்காததற்குக் காரணம் கேட்டபோது ஒரு அண்ணன் யோசிக்காமல் சொன்னார்: “அவன எங்க அனுப்ப? அவன் இங்க உள்ளவன்லா.” அந்தப் பதில் நேர்மையானது. குடியுரிமைப் பறிப்பு என்ற யோசனையின் அடிப்படையே அதில் இருக்கிறது. அனுப்ப ஓர் இடம் இருப்பதாக நாம் நினைக்கிறவர் மீதுதான் அது வரும், குற்றத்தின் அளவைப் பார்த்து வராது.

இரண்டாவதாகக் கவனித்தது, மனு கைக்குக் கைமாறி கீழே வந்த விதம். ஆட்சியருக்குக் குடியுரிமையைப் பறிக்கும் அதிகாரம் கிடையாது. அது மத்திய அரசுக்கு மட்டுமே உண்டு. ஆனால் வந்த மனுவை அறிக்கைக்கு அனுப்புவது அலுவலக நடைமுறை. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வட்டாட்சியருக்கு, அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, கடைசியில் கிராம நிர்வாக அலுவலரின் மேசைக்கு. அங்கே அது ‘விசாரணை நிலுவையில்’ என்று உட்கார்ந்துகொண்டது. அந்த இரண்டு சொற்கள் செய்த வேலையைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் முடிவு: குற்றத்தை மறுக்காமல் பேசுவது

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் கொலை வழக்கின் மேல்முறையீடு அப்போது நிலுவையில் இருந்தது. அதை வேறொரு வழக்கறிஞர் இலவச சட்ட உதவியில் நடத்தினார். மேல்முறையீட்டின் வாதங்களை, அதாவது அவர் அடிக்கவில்லை, குடிபோதையில் இருந்தார் போன்றவற்றை, எங்கள் பதிலில் சேர்க்கலாமா என்று பேசினோம். சேர்க்கவில்லை.

அவர் நிரபராதியாக இருந்தால்தான் குடியுரிமை தப்பும் என்ற நிலைக்கு நாமே வழக்கைக் கொண்டுபோய் நிறுத்தக்கூடாது என்பதுதான் காரணம். அவர் குற்றவாளி என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் அவர் இந்தக் குடியரசின் குற்றவாளி, இந்த நாட்டுச் சிறையில்தான் இருக்க வேண்டும் என்ற நிலையிலிருந்து பேசினோம். பின்னால் இறந்தவர் வீட்டுக்குப் போக முடிந்ததும் இந்த முடிவால்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது

1955 குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு 10-தான் இங்கே பேச வேண்டியது. பிறப்பால் குடிமகனானவர் மீது அது பாயாது. எத்தனை கொலை செய்தாலும், குண்டு வைத்தாலும், பிறப்பால் இந்தியரானவரின் குடியுரிமையை அரசு தண்டனையாகப் பறிக்க வழியில்லை. முதல் எதிரிக்கு அதோடு கதை முடிந்தது.

பதிவு செய்தோ இயல்புரிமை பெற்றோ குடிமகனானவர் மீதுதான் பிரிவு 10 பாயும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தியாவில் குடியிருந்துகொண்டு பதிவு செய்துகொண்ட இந்திய வம்சாவளியினருக்கு விலக்கு இருக்கிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு பதிவு செய்தவர்களுக்கு அந்த விலக்கு இல்லை. ஆக, இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசி, தாயகம் என்று சொல்லி அழைத்துவந்த குடும்பங்கள் விலக்குக்கு வெளியே நிற்கின்றன. இதைப் படித்தபோது எங்கள் குழுவில் இருந்த இளைய வழக்கறிஞர் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்து, “சார், நீங்களே படிச்சுப் பாருங்க” என்றார். நானும் இரண்டு முறை படித்தேன். அப்படித்தான் இருக்கிறது.

சரி, பாயும் என்றால் எந்தக் காரணத்துக்கு? ஏமாற்றியோ உண்மையை மறைத்தோ குடியுரிமை பெற்றிருந்தால். செயலாலோ பேச்சாலோ அரசியலமைப்புக்கு விசுவாசமற்றவராகக் காட்டிக்கொண்டால். போர்க்காலத்தில் எதிரிக்கு உதவினால். பதிவான 5 ஆண்டுக்குள் எந்த நாட்டிலாவது 2 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால். தொடர்ந்து 7 ஆண்டு வெளிநாட்டில் இருந்துவிட்டால், அதற்கும் சில விலக்குகளோடு. சாதாரணக் குற்றங்களுக்குப் பொருந்தக்கூடியது அந்த 5 ஆண்டு விதி மட்டும். இரண்டாம் எதிரி வந்தது 1979-ல், குற்றம் 2018-ல். கெடு முடிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

கெடுவுக்குள் வந்தாலும் உடனே பறித்துவிட முடியாது. அவர் குடிமகனாகத் தொடர்வது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று மத்திய அரசு திருப்தி அடைய வேண்டும், எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவர் கேட்டால் குறைந்தது 10 ஆண்டு நீதித்துறைப் பதவியில் இருந்த ஒருவரின் தலைமையில் விசாரணைக் குழு அமைக்க வேண்டும். இவ்வளவு இருந்தும் ஒன்று மட்டும் இல்லை: பறித்தபின் அவர் எந்த நாட்டுக்காரர் என்ற கேள்வியை அந்தப் பிரிவு கேட்பதே இல்லை. நாடற்ற நிலையைக் குறைக்கும் 1961 ஐ.நா. உடன்படிக்கையிலும் இந்தியா சேரவில்லை.

இலங்கை ஏற்குமா? 2003-ல் இலங்கை கொண்டுவந்த 35-ம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் அங்கேயே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் குடியுரிமை கொடுத்தது. இந்தியக் குடிமக்களாகி கப்பலேறிப் போனவர்களுக்கு அல்ல. மனுவின் இரண்டாவது கோரிக்கை, மூன்று வயதில் விட்டுவந்த, தன்னை ஒருபோதும் குடிமகனாக ஏற்காத ஒரு நாட்டுக்கு அவரை அனுப்பச் சொல்கிறது.

ஆவணம் தேடியது

அப்பாவின் வீட்டில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஜவுளிக்கடைப் பை, அதற்குள் இன்னொரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் பாஸ்போர்ட். ஓரம் பூச்சி அரித்திருந்தது. உள்ளே கணவன், மனைவி படம். பிள்ளைகள் பக்கத்தில் ஆங்கிலத்தில் மூன்று பெயர்கள், பிறந்த தேதிகள். மண்டபத்தில் குத்திய முத்திரை பாதி அழிந்திருந்தாலும் தேதி தெரிந்தது. குடும்ப அட்டை மடிப்பில் கிழிந்து இரண்டு துண்டாகியிருந்தது.

சிக்கல் பெயரில். பாஸ்போர்ட்டில் மகன் பெயர் ஒரு எழுத்துக்கூட்டல், பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று, ஆதாரில் மூன்றாவது. அப்பாவின் ஊர்ப்பெயர் ஓர் இடத்தில் இலங்கை அட்டன் பக்கத்துத் தோட்டத்தின் பெயர், இன்னோரிடத்தில் திருச்சி மாவட்டத்து மூதாதையர் கிராமம். மூன்றும் ஒரே ஆள் என்று காட்ட உறுதிமொழிப் பத்திரம், பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு சான்று, தோட்டத்தில் அவர் அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது பதிந்த விவரத்தின் நகல் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. இந்த வேலைக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட நேரம் பிடித்தது. மலையகத்திலிருந்து வந்த குடும்பம் ஏதாவது இதைப் படித்தால், வழக்கு எதுவும் இல்லாதபோதே அந்தப் பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் நகல் எடுத்து, சான்றொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் நாங்கள் படம் எடுக்கும்வரை பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: “சார், அவன ஜெயில்ல இருந்து எடுத்து எந்தக் கப்பல்ல ஏத்துவாங்க? ராமானுஜம் கப்பல்தான் நின்னுபோச்சே.” தலைமன்னார்க் கப்பல் 1984-ல் நின்றது. அவர் கிண்டலாகத்தான் கேட்டார். மகன் செய்ததற்கு அவர் ஒரு வார்த்தைகூடச் சமாதானம் சொல்லவில்லை. சிறைக்குப் பார்க்கப் போவதையும் நிறுத்தியிருந்தார்.

இரண்டாம் முடிவு: இறந்தவர் வீட்டுக்குப் போவது

இதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. எதிர்த்தரப்பு வீட்டுக்குப் போவது மிரட்டலாகப் பார்க்கப்படும் என்று ஒருவர் சொன்னார். நியாயமான பயம். கடைசியில், அந்த வீட்டுக்கு வேண்டிய ஓர் ஆசிரியை மூலம் முன்கூட்டியே கேட்டு, சம்மதம் வந்தபின், எங்கள் குழுவின் பெண் வழக்கறிஞரும் நானும் மட்டும் போனோம். மனுவை வாபஸ் வாங்கச் சொல்லிக் கேட்பதில்லை என்று முதலிலேயே தீர்மானித்திருந்தோம்.

இறந்தவரின் மனைவிதான் பேசினார். குடியுரிமை, சட்டம் எதுவும் அவர் வாயில் வரவில்லை. “நாளைக்கு அவனுவ வெளிய வந்தா நான் இந்த மலையில தனியா எப்படிக் கெடப்பேன் மக்களே?” என்றார். “சிலோனுக்கு அனுப்பினா ஒருத்தனாவது இங்க இல்லாம இருப்பான்னு சொன்னாவ. கையெழுத்துப் போட்டேன்.” நான்காவது கோரிக்கையை, அதாவது குடியிருப்பு முழுவதையும் சரிபார்க்கச் சொன்னதை, அவர் அறிந்திருக்கவே இல்லை. அந்தக் குடியிருப்பில் இருந்து வரும் இரண்டு பெண்கள்தான் இப்போதும் அவர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார்கள்.

அப்போது அவர் மகன் இங்கிலாந்திலிருந்து வீடியோ காலில் வந்தார். அங்கே நர்ஸாக இருப்பவர். மனுவின் யோசனை அவருடையதுதான். “இங்க வெள்ளைக்காரனே செய்றான் சார், நம்ம நாடு ஏன் செய்யக்கூடாது?” என்று கேட்டார். அப்பாவைப் பறிகொடுத்தவர் கேட்கும் கேள்வி. தட்டிக்கழிக்கக் கூடாது என்பதால் விவரமாகவே பேசினோம்.

பிரிட்டன் செய்கிறது என்பது உண்மை. 2002-ல் பிறப்பால் குடிமக்களானவர்களுக்கும் விரித்தார்கள், 2006-ல் ‘பொதுநலனுக்கு உகந்தது’ என்று அமைச்சர் கருதினால் போதும் என்று தளர்த்தினார்கள், 2022-ல் சில சமயம் நோட்டீஸ்கூட வேண்டாம் என்றார்கள். 15 வயதில் ஐ.எஸ். அமைப்பில் சேரச் சிரியாவுக்குப் போன ஷமீமா பேகத்தின் குடியுரிமையை 2019-ல் எடுத்தார்கள். அவர் பெற்றோர் வழியில் வங்கதேசத்தவர் என்றது பிரிட்டன், எங்கள் பிரஜை அல்ல என்றது வங்கதேசம். 2024-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் அவருடைய மேல்முறையீட்டை எடுக்க மறுத்துவிட்டது.

ஆனால் அந்த வீட்டின் பயத்துக்குப் பொருத்தமானது வேறொரு வழக்கு. ராச்டேல் நகரில் சிறுமிகளைச் சீரழித்ததற்காக 2012-ல் தண்டனை பெற்ற கும்பலில் சிலரின் பிரிட்டன் குடியுரிமையைப் பறித்தார்கள், 2018-ல் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. அதில் இருவர் தங்கள் பாகிஸ்தான் குடியுரிமையைத் துறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். அனுப்ப நாடு இல்லை. தண்டனை முடிந்து வெளியே வந்து, பாதிக்கப்பட்ட பெண்கள் வாழும் அதே ஊரில் நடமாடினார்கள். குடியுரிமையைப் பறித்ததால் அந்தப் பெண்களுக்கு ஒரு நாள்கூட நிம்மதி கூடவில்லை.

இதைச் சொன்னபோது அந்த அம்மா, “அப்ப பறிச்சாலும் இங்கதான் கெடப்பானா?” என்று கேட்டார். ஆமாம் என்றோம்.

அவருக்கு உண்மையில் உதவக்கூடிய இரண்டு விஷயங்களை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஒன்று, கொலைக் குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவரை 14 ஆண்டு முடியும் முன் சாதாரணத் தண்டனைக் குறைப்பில் விட முடியாது, ஆளுநர் தன் அரசியலமைப்பு அதிகாரத்தில் விட்டாலொழிய. அதன்பின்னும் அது தானாக வருவதல்ல. ஊருக்குள் வந்தால் ஆபத்து என்று அந்தக் குடும்பம் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம், இரண்டு எதிரிகளுக்கும் சேர்த்து. மற்றது, பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீடு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் கிடைக்கக்கூடியது. நாங்கள் எதிர்த்தரப்புக்கு ஆஜராவதால் அதை எழுதிக் கொடுக்க முடியாது, ஆணைக்குழுவில் வேறு வழக்கறிஞரைக் கேளுங்கள் என்று சொல்லி வந்தோம்.

பதிலும் விசாரணையும்

வாக்காளர் பதிவு அதிகாரியிடம் முதலில் பதில் கொடுத்தோம். பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரைக் குடிமகன் அல்லர் என்று நீக்க வேண்டுமானால், ஆட்சேபிப்பவர் ஆதாரம் காட்ட வேண்டும், எதிராளிக்கு நியாயமான வாய்ப்பு தர வேண்டும். 1995-ல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சேர்த்தோம். மனைவி 1984-ல் இந்தியாவில் பிறந்தவர். 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்த யாரும், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், வெளிநாட்டுத் தூதரின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் தவிர, பிறப்பால் குடிமக்கள். அவர் விஷயத்தில் பாஸ்போர்ட்டே தேவைப்படவில்லை, பிறப்புச் சான்று போதும். விசாரணை நாளில் ஆட்சேபித்தவர்கள் வரவில்லை. மூன்று ஆட்சேபமும் தள்ளுபடி.

வட்டாட்சியருக்குக் கொடுத்த பதிலில் பிரிவு 10-ஐ விளக்கினோம். அதோடு சட்டத்தைத் தாண்டி ஒரு பத்தி சேர்த்தோம். ஒரே குற்றம், ஒரே தீர்ப்பு, ஒரே தண்டனை. ஒருவருக்கு மட்டும் நீதிமன்றம் விதிக்காத கூடுதல் தண்டனையை நிர்வாகம் விதிப்பது எப்படிச் சரி என்று கேட்டிருந்தோம். 1958-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ட்ராப் வழக்கில், குடியுரிமையைப் பறிப்பதைத் தண்டனையாக விதிப்பது கொடுமை என்று தீர்ப்பளித்தது. அந்த ஆள் ராணுவத்திலிருந்து ஓடியவர். நாங்கள் பதில் கொடுத்த மறு ஆண்டே, 2023-ல், ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் பயங்கரவாத வழக்கில் தண்டனை பெற்ற பென்பிரிகாவின் குடியுரிமையை அமைச்சர் பறிக்க வழிசெய்த விதியைச் செல்லாது என்றது: குற்றத்துக்குத் தண்டனை கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை, அமைச்சரின் வேலை அல்ல.

குழுவுக்குள் ஒரு மாற்றுக் கருத்தும் இருந்தது, அதையும் பதிவு செய்ய வேண்டும். போலிக் காகிதத்தில் குடியுரிமை வாங்கிக்கொண்டு பெரிய நாசவேலை செய்தவரையும் விட்டுவிடுவதா என்று இளைய வழக்கறிஞர் கேட்டார். என் எண்ணம் இது. ஏமாற்றி வாங்கியதை ரத்து செய்வது வேறு. அங்கே கொடுத்ததே பிழை, பிழையைத் திருத்துகிறார்கள். முறையாகப் பெற்றவர் பின்னால் செய்த குற்றத்துக்காக அதைப் பறிப்பது வேறு. அங்கே ஒரு நாடு தன் குற்றவாளியைத் தன் ஆளல்ல என்று கைகழுவுகிறது. 5 ஆண்டுக் கெடுவைக்கூட ஒரு சோதனைக்காலம் என்று புரிந்துகொள்ள முடிகிறது. ‘பேச்சால் விசுவாசமின்மை’ என்ற விதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. யார் அளப்பது? இளையவர் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

அதன்பின்

வட்டாட்சியரின் அறிக்கை ‘இந்நிலையில் மேல்நடவடிக்கைக்கு முகாந்திரம் இல்லை’ என்று போனது. ஆட்சியர் அலுவலகம் அதை மனுதாரருக்குத் தெரிவித்தது. தில்லிக்கு அனுப்பப்பட்ட நகலுக்குப் பதில் வரவில்லை.

காகிதத்தில் வெற்றிதான். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் அந்தக் குடும்பம் பட்ட பாடு மனு தோற்றதால் மாறிவிடவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் நர்சிங் சேர்வதற்குச் சாதிச் சான்றும் இருப்பிடச் சான்றும் கேட்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தார். ‘குடியுரிமை தொடர்பான விசாரணை நிலுவையில்’ என்று குறிப்பெழுதி விண்ணப்பம் திரும்பிவிட்டது. பிரிவு 10 பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதே இல்லை. அம்மா பிறப்பால் இந்தியர். அந்தப் பெண் மீது யாரும் மனு கொடுக்கவும் இல்லை. ஆனாலும் சான்று கைக்கு வந்தபோது சேர்க்கை முடிந்திருந்தது. ஓராண்டு ஒரு ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு அடுத்த ஆண்டு சேர்ந்தார். மனைவிக்குத் தனியார் தோட்டங்களில் கிடைத்துவந்த கூலிவேலை நின்றது.

இறந்தவரின் குடும்பத்துக்கு ஆணைக்குழு மூலம் இழப்பீடு கிடைத்தது. தண்டனைக் குறைப்பு பற்றிய ஆட்சேபக் கடிதத்தையும் இரு எதிரிகள் பெயரிலும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். மதுரைக் கிளை இருவரின் தண்டனையையும் உறுதி செய்துவிட்டது.

இங்கிலாந்து மகன் 2025-ல் என்னை அழைத்தார். பிரிட்டன் குடியுரிமை எடுத்ததால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவர். 2 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றாலோ, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானாலோ ஓ.சி.ஐ. பதிவை ரத்து செய்யலாம் என்று அந்த ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்திருந்தது. தீர்ப்பு வரும் முன்பே, குற்றப்பத்திரிகையிலேயே எடுக்கலாமா, பொய்க்கேஸ் போட்டால் என்ன ஆகும் என்று விசாரித்தார். அறிவிப்பில் உள்ளதைச் சொன்னேன். அங்கேயும் தான் வந்து சேர்ந்தவன்தான் என்பதைப் பற்றிச் சற்று நேரம் பேசினார். பழைய மனுவைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இத்தகைய மனு வந்தால் பிரிவு 10-க்குப் பதில் எழுதுவது சுலபம். அதைவிட முன்னால் நிற்க வேண்டியது குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் அடுத்த ஓராண்டில் என்னென்ன சான்றுகள் தேவைப்படும் என்ற கணக்கு. ஒருவர் மீதான விசாரணை இன்னொருவரின் சான்றைத் தடுக்கக்கூடாது என்று வட்டாட்சியரிடம் முதல் நாளே தனிக்கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட வேண்டும். மறுத்தால் மேல்முறையீட்டுக்கு அந்த ஒப்புகைதான் கையில் இருக்கும்.

இறந்தவர் குடும்பத்தைச் சந்திப்பது முடியுமானால் மனு வருவதற்கு முன்னாலேயே நடக்க வேண்டும், அதுவும் எங்களைப் போன்ற எதிர்த்தரப்பு ஆட்களால் அல்ல. தீர்ப்பு வந்த வாரமே ஆணைக்குழுவிலிருந்து ஒரு தன்னார்வலர் போய் இழப்பீட்டையும் 14 ஆண்டு விதியையும் சொல்லியிருந்தால், அந்த அம்மாவின் கையெழுத்தாவது மனுவில் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். மற்றவர்கள் கையெழுத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

நான்காவது கோரிக்கைக்கு, குடியிருப்பு முழுவதையும் சரிபார்க்கச் சொன்னதற்கு, எந்த அலுவலகமும் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லவில்லை, பேசாமல் விட்டுவிட்டார்கள். அதை நிராகரித்ததாக எழுத்தில் உத்தரவு கேட்டு, அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த சிலர் பெயரில் தனி மனு தயாராகிறது. அவர்களில் 1979-ல் ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களும் உண்டு, போன ஆண்டு முதல்முறை ஓட்டுப் போட்டவர்களும் உண்டு.